நாலாம் நாள் சாப்பிட்ட இரண்டு தோசை

சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார், பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்:

"மேடம், எனக்கு 44 வயது, எடை 108 கிலோ. எட்டு வருஷமாக நீரிழிவு, மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும் சாப்பிடுகிறேன். இந்த மாதக் கடைசியில் வயிற்றைச் சின்னதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன். அதற்கு முன்னால் 14 நாள் சாப்பாட்டுக்குப் பதிலாகப் புரத ஷேக் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நாலாம் நாள் சாயங்காலம் பிள்ளைகளுக்குத் தோசை ஊற்றும்போது கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, என்ன செய்கிறேன் என்று தெரியாமலே அடுப்பு பக்கத்தில் நின்றபடி இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டேன். அப்புறம் குளியலறைக்குள் போய் அழுதேன். பதினோரு வருஷம் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தவள் நான், விரதம் இருக்கத் தெரியாதவள் இல்லை. இந்த நாலு நாள் முடியவில்லையே என்று வெட்கமாக இருக்கிறது. ஆபரேஷன் கெட்டுப்போய்விட்டதா? டாக்டரிடம் சொன்னால் தேதியைத் தள்ளிவிடுவாரா? மறுநாள் அதைச் சரிக்கட்ட ஷேக்கும் குடிக்காமல் வெறும் தண்ணீரில் இருந்தேன். என் மாமியார் வேறு, சாப்பிடாமல் கத்திக்குப் போனால் உடம்பு தாங்குமா, கஞ்சியாவது குடி என்று தினமும் சொல்கிறார். கஞ்சியும் நீர் ஆகாரம்தானே, குடிக்கலாமா?"

சகோதரி, உங்கள் கடிதத்தை இரவு பத்து மணிக்குப் படித்துவிட்டு அப்போதே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பினேன். தோசை சாப்பிட்டதற்காக இல்லை. கை நடுங்கியது, வேர்த்தது, என்ன செய்கிறேன் என்று தெரியவில்லை என்ற மூன்றும் ஒரே வரியில் இருந்தன, அதற்கு மேலே கிளிக்லசைடு என்ற மாத்திரையின் பெயர் இருந்தது. மறுநாள் வெறும் தண்ணீரில் இருந்தபோதும் அந்த மாத்திரையை விடாமல் போட்டீர்களா என்று கேட்டேன், ஆமாம் என்றீர்கள். அன்று மத்தியானம் விரலில் குத்திப் பார்த்தபோது மீட்டர் 3.4 (mmol/L) காட்டியது, மிஷின் பழசு, தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்துவிட்டேன் என்றும் எழுதினீர்கள். மிஷின் தப்பாகக் காட்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 4-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. நாலாம் நாள் உங்கள் அடுப்படியில் நடந்ததும் பெரும்பாலும் அதுதான்.

காலையில் மருத்துவமனைக்குப் போன் செய்து, அவர்கள் கிளிக்லசைடை ஆபரேஷன் வரைக்கும் நிறுத்திவிட்டார்கள் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதி. இதே நிலையில் இன்னும் பல பேர் இருப்பார்கள் என்பதால்தான் உங்கள் சம்மதத்தோடு இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கிளிக்லசைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு எல்லாம் ஒரே குடும்பத்து மாத்திரைகள். கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்க வைப்பதுதான் அவற்றின் வேலை. நீங்கள் சோறு சாப்பிட்டீர்களா, ஷேக் குடித்தீர்களா, ஒன்றுமே இல்லாமல் படுத்திருக்கிறீர்களா என்பது அந்த மாத்திரைக்குத் தெரியாது. மூன்று வேளை சோறும் இடையில் தே தாரிக்கும் குடித்த உடம்புக்குக் கணக்கிட்ட அளவை, ஒரு நாளைக்கு 800 கலோரிக்குள் அடங்கும் ஷேக்கோடு அப்படியே போட்டால் சர்க்கரை கீழே விழத்தான் செய்யும். அப்படி விழும்போது மூளை உயிர் பிழைக்க எதையாவது சாப்பிடு என்று உத்தரவு போடுகிறது. அந்த நேரத்தில் கையில் இருந்தது தோசை, சாப்பிட்டீர்கள். அதை மன உறுதி இல்லாத குறை என்று எண்ணி நீங்கள் குளியலறையில் அழுததுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. உங்கள் உடம்பு உங்களைக் காப்பாற்றியிருக்கிறது, அம்மா.

இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்தப் பயம் பெரிதாக இல்லை. இன்னொரு வகை மாத்திரை இருக்கிறது, டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், அதாவது ஃபோர்சிகா, ஜார்டியன்ஸ் என்ற பெயர்களில் வருபவை, சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. மாவுச்சத்து குறைந்த இந்த டயட்டோடு அவற்றைச் சேர்த்துப் போட்டால் ரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம், அதுவும் மீட்டரில் சர்க்கரை சாதாரணமாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே. அதனால் ஷேக் தொடங்குவதற்கு முன்பே அவற்றை என்றைக்கு நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது என்று வந்தால் ஷேக் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று வீட்டில் இருக்காதீர்கள், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்துவதோ குறைப்பதோ வேண்டாம், ஆனால் ஒரு போன் செய்யத் தயங்கவும் வேண்டாம். "நான் ஷேக் தொடங்குகிறேன், இந்த இந்த மாத்திரை சாப்பிடுகிறேன், எதை மாற்றணும்?" என்று கேட்க ஒரு நிமிடம் போதும். நீரிழிவைப் பலதுறை மருந்தகத்திலும் ஆபரேஷனை மருத்துவமனையிலும் பார்ப்பவர்களுக்கு, அவர் சொல்லியிருப்பார் என்று இவரும் இவர் சொல்லியிருப்பார் என்று அவரும் விட்டுவிட வாய்ப்பு உண்டு. கேட்பது உங்கள் கையில்தான்.

மறுபடியும் நடுக்கம் வந்தால் முதலில் குத்திப் பாருங்கள். 4-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள், அல்லது சாதாரண பழச்சாறு அரை கிளாஸ். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், இன்னும் 4-க்குக் கீழே என்றால் மறுபடி அதே அளவு. ஏறிய பிறகு அடுத்த ஷேக்கைக் குடித்துவிட்டு மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள், ஏனென்றால் இந்த மாத்திரை உடம்பில் நெடுநேரம் வேலை செய்யும், ஏறிய சர்க்கரை இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி இறங்கலாம். டயட் கெட்டுவிடும் என்று அந்தச் சீனித் தண்ணீரைத் தவிர்க்கவே கூடாது. அது அந்த நேரத்துக்கு மருந்து. உங்கள் வீட்டுக்காரரிடமும் மூத்த பிள்ளையிடமும் இதைச் சொல்லி வையுங்கள், நீங்கள் மயங்கி விழுந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 995-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்து.

சரி, இப்போது தோசைக்கு வருவோம்.

இந்த 14 நாள் எதற்காக என்பதை யாராவது உங்களிடம் உட்கார்ந்து சொன்னார்களா என்று தெரியவில்லை. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் ஆபரேஷனுக்குத் தகுதியானவளா என்று உங்களைச் சோதிக்கும் பரீட்சை மாதிரி இதை நினைத்திருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். விஷயம் கல்லீரல்தான். கல்லீரலின் இடது மடல் இரைப்பையின் மேல் ஒரு மூடி மாதிரி படிந்திருக்கும். வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, கேமராவில் பார்த்தபடி இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கிற ஆபரேஷன் இது. அவ்வளவு நேரமும் அந்த மடலை ஒரு கருவியால் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். எடை கூடியவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து, பெரிதாக, கனமாக, தொட்டால் கிழிந்து ரத்தம் கசியக்கூடியதாக இருக்கும். அதைத் தூக்கினால்தான் அறுவை மருத்துவருக்கு இரைப்பையின் மேல் பகுதி தெரியும். தெரியவில்லை என்றால் ஆபரேஷன் நீளும், ஆபத்து கூடும், சில சமயம் செய்யாமலே மூட வேண்டி வரும்.

கல்லீரலில் சர்க்கரை கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கப்பட்டிருக்கிறது, ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தியதும் முதலில் அந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீர் வெளியேறுகிறது, பின்னாலேயே கொழுப்பும் எரியத் தொடங்குகிறது. உடம்பின் மற்ற இடங்களைவிடக் கல்லீரல் இதில் வேகமாகச் சுருங்கும். ஆஸ்திரேலியாவில் ஆபரேஷனுக்கு முன் 12 வாரம் இந்த மாதிரி டயட்டில் வைத்து அளந்து பார்த்த ஓர் ஆய்வு 2006-இல் வெளிவந்தது. அதில் கல்லீரலில் ஏற்பட்ட மொத்தச் சுருக்கத்தில் 80 சதவீதம் முதல் இரண்டு வாரத்திலேயே நடந்துவிட்டது. பல இடங்களில் இரண்டு வாரம் என்று வைத்திருப்பது ஏன் என்பது இதில் புரியும்.

இந்தக் கணக்கில் உங்கள் இரண்டு தோசையை வைத்துப் பாருங்கள். கொஞ்சம் கிளைக்கோஜன் திரும்பச் சேர்ந்திருக்கும், அடுத்த ஒரு நாளில் அதுவும் கரைந்திருக்கும். இன்னும் ஒன்பது, பத்து நாள் கையில் இருக்கிறது. ஆபரேஷன் கெடவில்லை. ஆனால் நான்கு நாளுக்கு ஒரு தடவை இரண்டு தோசை என்று போனால் கல்லீரல் நிரம்புவதும் காலியாவதுமாகத்தான் இருக்கும், அப்போது விஷயம் வேறு.

டாக்டரிடம் சொல்லணுமா என்று கேட்டீர்களே, கட்டாயம் சொல்லுங்கள். இதில் எனக்கு ஒரு பழைய வலி உண்டு. வேலைக்குச் சேர்ந்த ஆரம்பத்தில், ஆபரேஷனுக்கு முந்தைய ஷேக் டயட்டுக்காக ஒருவர் என்னிடம் வந்தார், டாக்சி ஓட்டுபவர். ஒரு வாரம் கழித்து வந்தபோது எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை, அவரை உட்கார வைத்துக் கடுமையாகப் பேசினேன். அடுத்த வாரம் கேட்டபோது எல்லாம் சரியாகப் போகிறது என்று சொன்னார், நான் நம்பினேன். ஆபரேஷன் அன்று கேமராவை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, கல்லீரல் இடம் விடவில்லை என்று மூடிவிட்டார்கள். மயக்கம் தெளிந்த பிறகு நான் போய்ப் பார்த்தேன். ராத்திரி ஷிஃப்டில் பசி தாங்காமல் தினமும் ரொட்டி பராட்டா சாப்பிட்டேன், சொன்னால் நீங்கள் திட்டுவீர்கள் என்று பயந்துவிட்டேன் என்றார். ராத்திரி வேலைக்கு ஏற்ற மாதிரி ஷேக் நேரத்தை மாற்றிக் கொடுத்திருந்தால் போதும், அவர் அதைக் கேட்கும்படி நான் நடந்துகொள்ளவில்லை. அன்றிலிருந்து யாரிடமும் "ஏமாற்றினீர்களா?" என்ற வார்த்தையை நான் சொல்வதில்லை. எந்த நேரத்தில் பசி தாங்க முடியாமல் போகிறது என்றுதான் கேட்பேன்.

நீங்கள் சொன்னால் உங்கள் டாக்டர் என்ன செய்வார்? மருந்தை மாற்றுவார், ஏற்கனவே மாற்றிவிட்டார். ஷேக் நேரத்தை மாற்றலாம். இரண்டு தோசைக்காகத் தேதியைத் தள்ளினால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். பல நாள் சாப்பிட்டிருந்தால் ஒரு வாரம் தள்ளலாம், அதுவும் உங்கள் நன்மைக்குத்தான். மயக்கம் தெளிந்து கண் விழிக்கும்போது ஆபரேஷன் நடக்கவில்லை என்று கேட்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அந்தத் தண்ணீர் பரிகாரம் மட்டும் இனி வேண்டவே வேண்டாம். ஷேக்கில் புரதம் இருக்கிறது, வைட்டமின், தாது உப்பு எல்லாம் அளந்து வைத்திருக்கிறார்கள். அதை விட்டால் உடம்பு தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும், வெட்டிய இடம் ஆறுவதற்கு அந்தப் புரதம் வேண்டும். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை ஷேக், அவ்வளவுதான். சில பேர் காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று கடையில் கிடைக்கிற ஜிம் புரதப் பவுடருக்கு மாறிவிடுகிறார்கள், வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கி வைத்த சத்துப் பாலைக் குடிக்கிறார்கள். ஒன்றில் வைட்டமின் இருக்காது, இன்னொன்றில் மாவுச்சத்து அதிகம். உங்களுக்கு எழுதிக் கொடுத்ததையே குடியுங்கள், செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள், மாற்று வழி இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

பால்குடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரைக்கும் வெயிலில் வெறுங்காலோடு நடந்தவர் நீங்கள், உங்கள் உறுதியை யாரும் சந்தேகப்பட முடியாது. ஆனால் அந்த விரதத்தில் வீடே உங்களோடு சேர்ந்துகொள்கிறது. வீட்டில் மீன் வாசனை இருக்காது, பக்கத்து வீட்டில்கூடத் தெரியும், சாயங்காலம் ஒரு வேளை சூடாகச் சாப்பாடு உண்டு, வழியெல்லாம் கூடவே நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே நீங்கள் தனி ஆள். வீட்டில் எல்லோருக்கும் வழக்கமான சமையல், அதையும் நீங்களே செய்ய வேண்டும், உப்பு சரியாக இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்க்கவும் வேண்டும். அதனால்தான் முதலில் வீட்டை மாற்றச் சொல்கிறேன். இந்தப் பத்து நாள் அடுப்பு உங்களுடையது இல்லை. வீட்டுக்காரர் கீழே உணவங்காடியில் வாங்கி வரட்டும், பிள்ளைகள் பத்து நாள் சிக்கன் ரைஸ் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. அவர்கள் சாப்பிடும் நேரத்தில் நீங்கள் கீழே இறங்கி மெதுவாகக் கால் மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். சர்க்கரை இறங்கிய நாளில் மட்டும் தனியாகப் போக வேண்டாம்.

கஞ்சி விஷயம். "நீர் ஆகாரம்" என்ற பெயர்தான் எல்லோரையும் குழப்புகிறது. வாயில் ஊற்ற முடிகிறதா என்பது இங்கே கணக்கே இல்லை, மாவும் சர்க்கரையும் கொழுப்பும் எவ்வளவு என்பதுதான் கணக்கு. கஞ்சி என்பது குழைந்த சோறு. கல்லீரல் காலி செய்த இடத்தை அப்படியே திரும்ப நிரப்பும். கேழ்வரகுக் கூழ், பார்லித் தண்ணீர், மைலோ, ஹார்லிக்ஸ், கரும்புச் சாறு, பழச்சாறு, இளநீர் எல்லாமே அந்த வரிசைதான். மைலோ கோசோங் என்று சீனி போடாமல் கேட்டாலும் அந்தத் தூளிலேயே இனிப்பு இருக்கிறது. மோரிலும் பால் சர்க்கரை உண்டு, உங்கள் தாளில் அனுமதித்திருந்தால் மட்டும் குடியுங்கள். கோப்பிக் கடையில் பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓ கோசோங், தே ஓ கோசோங் சொல்லலாம், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு. வெறும் "கோப்பி" என்று சொன்னால் கெட்டிப்பால் வந்துவிடும், "கோப்பி சி" என்றால் இன்னொரு வகைப் பால், இரண்டும் வேண்டாம்.

அப்படியென்றால் குடிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மூன்றாம் நாளுக்குள் நாக்கு இனிப்பைக் கண்டாலே வெறுத்துவிடும், நம் ஆட்களுக்குக் காரமும் புளிப்பும் உப்பும் வேண்டும், அது இல்லாமல்தான் பாதிப் பேர் வழுக்கி விழுகிறார்கள். பருப்பு போடாத ரசம், தாளிக்காமல், மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டு, நன்றாக வடிகட்டி ஒரு ஃபிளாஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பட்டியல்களில் தெளிந்த சூப்புக்கு அனுமதி உண்டு, ரசமும் அதில் அடங்கும், இருந்தாலும் உங்கள் உணவு ஆலோசகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கோழி எலும்புச் சாறு என்றால் ஆறவைத்து மேலே உறைகிற கொழுப்பை எடுத்துவிட்டு வடிகட்டிக் குடிக்கலாம். ஆட்டுக்கால் சூப், சூப் கம்பிங் என்ற ஆட்டிறைச்சிச் சூப் வேண்டாம், எண்ணெய் மிதக்கும். முதல் நாட்களில் வருகிற தலைவலிக்கு இந்த உப்பு கொஞ்சம் உதவும். சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ இருப்பவர்கள் மட்டும் உப்பின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷேக்கை ஐஸ் போட்டு மிக்சியில் அடித்தால் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். வெனிலா சுவையில் கொஞ்சம் சுக்குத்தூளோ ஏலக்காயோ போட்டுப் பாருங்கள், சாக்லேட் சுவையில் ஒரு சிட்டிகை சீனியில்லாத உடனடிக் கோப்பித் தூள். சூடாக வேண்டும் என்றால் வெதுவெதுப்பான தண்ணீர் போதும், கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் புரதம் திரிந்து கட்டி கட்டியாகிவிடும். பாலில் கலக்காதீர்கள், தண்ணீரில்தான். உங்களுக்கு மாலை நாலு, ஐந்து மணிதான் மோசமான நேரம் என்று கடிதத்திலேயே தெரிகிறது, அதனால் ஒரு ஷேக்கை மூன்றரைக்கு நகர்த்துங்கள். பசி வந்த பிறகு கலக்காமல் பசி வரும் முன்பே குடித்துவிடுவது நல்லது.

மெல்ல ஒன்றுமில்லையே என்று பல் ஏங்கும், அது உண்மையான ஏக்கம்தான். வெளிநாட்டு ஆலோசனைகளில் எல்லாம் சீனியில்லாத சூயிங் கம் மெல்லச் சொல்லியிருப்பார்கள், இங்கே 1992-இலிருந்து அதை விற்க முடியாது, 2004-க்குப் பிறகு மருந்தாளரிடமோ பல் மருத்துவரிடமோ கிடைக்கிற மருத்துவ வகை மட்டும்தான். அதைத் தேடி அலைய வேண்டாம். சீனி போடாமல், இனிப்பூட்டி மட்டும் சேர்த்துக் காய்ச்சிய ஆகார் ஆகாரைச் சின்னத் துண்டுகளாக வெட்டிக் குளிரவைத்துச் சாப்பிடச் சில மருத்துவமனைகள் அனுமதிக்கின்றன. சில இடங்களில் வெள்ளரி, சுரைக்காய், முட்டைகோஸ், கீரை மாதிரி மாவில்லாத காய்களை இரண்டு கப் வரைக்கும் விடுகிறார்கள், ஒரு தேக்கரண்டி எண்ணெயும் சேர்க்கச் சொல்வார்கள். பித்தப்பை அவ்வப்போது சுருங்கி வேலை செய்தால்தான் கல் சேராது, அதற்காகத்தான் அந்த எண்ணெய். ஆனால் எல்லா இடத்திலும் இப்படி இல்லை, உங்கள் கையில் இருக்கிற தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு, தோழி வேறு மருத்துவமனையில் என்ன சாப்பிட்டாள் என்பது இல்லை.

முதல் மூன்று நாள்தான் கொடுமை. தலைவலி, எரிச்சல், வாயில் ஒரு மாதிரி நாற்றம், யாராவது ஏதாவது கேட்டால் அழுகை. கொழுப்பை எரிக்க உடம்பு பழகிய பிறகு பெரும்பாலோருக்குப் பசியே மழுங்கிவிடும். மாத்திரையை மாற்றிய பிறகு உங்களுக்கும் இப்போது அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தலைவலிக்குப் பனடால் போடலாம். இபுபுரூஃபன், போன்ஸ்டான் மாதிரியான வலி மாத்திரைகள் வேண்டாம், இரைப்பையைப் புண்ணாக்கும். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றால் ரத்த அழுத்த மாத்திரை கூடிப்போயிருக்கலாம், தண்ணீர் வெளியேறுவதால் அழுத்தம் இறங்கும், அதையும் போனில் சொல்லுங்கள். மலச்சிக்கல் வரும். ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், அனுமதி இருந்தால் இசப்கோல், அதைக் குடித்தால் கூடவே தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும்.

உங்கள் மாமியாரைப் பற்றிக் கோபமாக எழுதவில்லை நீங்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. சாப்பிடாமல் கத்திக்குப் போகக்கூடாது என்பது அவர் கண்ணால் பார்த்து வளர்ந்த விஷயம், நோயாளி என்றாலே கஞ்சி கொடுத்துத் தேற்றிய தலைமுறை அது. அவரிடம் கலோரி, கிளைக்கோஜன் என்று பேசிப் பயனில்லை. "அத்தை, ஈரல் வீங்கி வயிற்றை மறைத்துக்கொண்டு இருக்கிறதாம், அது வற்றினால்தான் டாக்டருக்குக் கண்ணுக்குத் தெரியுமாம், கஞ்சி குடித்தால் திரும்ப வீங்கிவிடுமாம்" என்று சொல்லிப் பாருங்கள். முடிந்தால் அடுத்த தடவை மருத்துவமனைக்கு அவரையும் கூட்டிப்போங்கள், தமிழ் பேசும் தாதி யாராவது இருந்தால் அவர் வாயால் கேட்கட்டும். அந்த வடிகட்டிய ரசத்தை வைக்கிற பொறுப்பை அவரிடமே விடுங்கள். உங்களுக்கு எதையாவது கொடுக்க வேண்டும் என்ற தவிப்புதான் அவருக்கு, கொடுக்க ஒன்று கிடைத்துவிட்டால் கஞ்சியை விட்டுவிடுவார். ஆபரேஷனுக்குப் பிறகும் முதலில் நீர் ஆகாரம், அப்புறம் கூழாக அரைத்தது, அப்புறம் மென்மையானது என்று வாரக்கணக்கில் போகும், அப்போதும் அவர் துணை உங்களுக்கு வேண்டும். தோசையை என்றைக்கும் விட்டுவிடப்போகிறீர்கள் என்று நினைத்து இப்போதே ஏங்க வேண்டாம், சில மாதத்தில் பாதித் தோசையை நன்றாக மென்று சாப்பிடுவீர்கள்.

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் நான் கண்டிப்பாகத்தான் பேசுவேன். ஆபரேஷனுக்கு முந்தைய இரவு, எத்தனை மணிக்கு மேல் ஒன்றும் வாயில் வைக்கக்கூடாது, தண்ணீர் எத்தனை மணி வரைக்கும் என்று சொல்வார்கள். நாலாம் நாள் தோசை வேறு, அந்த நேரத்துக்குப் பிறகு சாப்பிடுகிற ஒரு வாய் வேறு. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உணவு இருந்தால் அது மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விடலாம், உயிருக்கே ஆபத்து. அப்படி ஏதாவது நடந்துவிட்டால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். உங்களுக்குச் சர்க்கரை இறங்கும் பழக்கம் இருப்பதால் இன்னொரு கேள்வியையும் முன்கூட்டியே கேட்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: அந்தப் பட்டினி நேரத்தில் மீட்டர் 4-க்குக் கீழே காட்டினால் நான் என்ன குடிக்கலாம், எந்த எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்? அந்தத் தாளை மீட்டரோடு சேர்த்துக் கட்டில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டுக்காரருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியட்டும்.